தோற்றுப் போகும் பிள்ளை எதைப் படிக்க வேண்டும்?

பையனுக்குப் பத்து வயது இருக்கும். கல்யாண மண்டபத்துத் தூண் ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தான்.

அன்று அங்கே கல்யாணம் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சதுரங்கப் போட்டி. காலையிலிருந்து நாலு ஆட்டம் ஆடியிருந்தான். நாலும் தோல்வி!

"என்னடா கண்ணு, எப்படித் தோற்றாய்?" என்று கேட்டேன்.

"பன்னிரண்டு நகர்த்தல் வரை மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன், மாமா. அவன் நாலாவது நகர்த்தலிலேயே புத்தகத்தில் இல்லாத காயை எடுத்து வைத்துவிட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. என் குதிரையைச் சும்மா வெட்டிவிட்டான்."

பக்கத்தில் அவனுடைய அப்பா நின்றார். அவர் முகமும் வாடிக் கிடந்தது. "மூன்று புத்தகம் வாங்கிக் கொடுத்தேன், சார். ஓவர்டைம் பார்த்த காசு. இன்னும் ஒரு பெரிய புத்தகம் இருக்கிறதாம். அதையும் வாங்கிவிடட்டுமா? இன்னொரு தடவை தோற்றால் ஆட்டத்தையே விட்டுவிடுவேன் என்கிறான்" என்றார்.

"வாங்காதீர்கள்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "படிக்காமல் எப்படி, சார், முன்னுக்கு வருவது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். இன்று தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் இந்தக் கேள்வி இருக்கிறது. ஆனந்தும் குகேஷும் பிரக்ஞானந்தாவும் வைஷாலியும் பிறந்த நாடு இது. 2022-ம் ஆண்டு மாமல்லபுரத்தில் உலகச் சதுரங்க ஒலிம்பியாட் நடந்ததைப் பார்த்துவிட்டு, பலகை வாங்கிக் கொடுத்த பெற்றோர் ஏராளம். பலகை வாங்கியாயிற்று. காய் நகர்த்தவும் பிள்ளை கற்றுக்கொண்டான். பிறகு?

புத்தகம் இல்லாத சாம்பியன்

முதலில் ஒரு கதை. நடந்த கதை.

பஞ்சாபைச் சேர்ந்தவர் சுல்தான் கான். அங்கே ஒரு பெரிய நிலப்பிரபுவின் ஆதரவில் இருந்தவர். அந்தப் பிரபு 1929-ம் ஆண்டு அவரை இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார்.

சுல்தான் கான் கற்றது நம் நாட்டுப் பழைய சதுரங்கம். அதில் சிப்பாய் முதல் தடவை இரண்டு கட்டம் பாயாது. ஒவ்வொரு கட்டமாகத்தான் போகும். ராஜாவுக்குக் கோட்டை கட்டும் முறையும் வேறு. ஐரோப்பியர்கள் பல தலைமுறையாக எழுதி வைத்திருந்த 'ஆரம்ப ஆட்ட'ப் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவர் அல்ல அவர்.

அந்த வருஷமே அவர் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார்! 1932-லும் 1933-லும் மறுபடி ஆனார். நடுவில் ஹேஸ்டிங்ஸ் நகரில் நடந்த போட்டியில், உலக சாம்பியனாக இருந்த காப்பாப்ளாங்காவையே தோற்கடித்தார்.

ஆரம்ப நகர்த்தல்களில் அவர் சங்கடப்பட்டது உண்டு. ஆனால் நடு ஆட்டத்திலும் கடைசி ஆட்டத்திலும் வட்டியும் முதலுமாக வாங்கிவிடுவார்.

சுல்தான் கான் 1966-ல் காலமானார். 58 ஆண்டு கழித்து, 2024-ல், உலகச் சதுரங்க சம்மேளனம் அவருக்கு கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது. பட்டத்துக்கு வழி கண்டுபிடிக்க இத்தனை காலம்!

இதைக் கேட்டுவிட்டு, 'அப்படியானால் புத்தகமே வேண்டாம்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எதை முதலில் படிப்பது, எதைப் பிறகு படிப்பது என்பதுதான் விஷயம்.

சும்மா போகிற காய்

புதிதாக ஆடுகிறவர்களின் ஆட்டத்தைப் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். பெரிய தந்திரத்தால் யாரும் தோற்பதில்லை. காயைச் சும்மா பறிகொடுத்துத்தான் தோற்கிறார்கள். எதிரி பிஷப் குறுக்கே குறி வைத்திருப்பதைப் பார்க்காமல் யானையை நகர்த்துகிறார்கள். போயிற்று யானை!

(பெயர் விஷயத்தில் ஒரு வார்த்தை. சில வீடுகளில் ராணியை மந்திரி என்பார்கள். சில வீடுகளில் பிஷப்பை மந்திரி என்பார்கள். சண்டை வேண்டாம். குறுக்காக மட்டும் போகிற காயை இங்கே பிஷப் என்றே சொல்கிறேன்.)

காய்களுக்கு மதிப்பு உண்டு. சிப்பாய் 1. குதிரை 3. பிஷப் 3. யானை 5. ராணி 9. இதைக் காசு போல நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ரூபாய்ச் சிப்பாயை வெட்டுவதற்கு மூன்று ரூபாய்க் குதிரையைக் கொடுக்கலாமா? காய்கறிக் கடையில் எட்டணா கூடக் கேட்டால் சண்டை போடுகிற நாம், பலகையில் மட்டும் வள்ளலாகிவிடுகிறோம்!

ஆகவே முதல் படிப்பு எழுத்துப் படிப்பே இல்லை. கண் படிப்பு. எதிரி ஒரு காயை நகர்த்தியதும், 'இது எதை வெட்டப் பார்க்கிறது?' என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நாம் நகர்த்துவதற்கு முன்னால், 'இதை அங்கே வைத்தால் யார் வெட்டுவார்?' என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கை காய்க்குப் போவதற்கு முன்னால் இந்த இரண்டு கேள்வியும் வர வேண்டும். குழந்தைகள் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால்கூட நல்லதுதான். போட்டியில் தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும் என்பது சட்டம்.

இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால், பாதித் தோல்வி போய்விடும் என்பது என் அபிப்ராயம்.

அம்மா எழுதி வைத்த புதிர்

அடுத்தது, எதிரியின் காயை நாம் பறிப்பது.

குதிரைக்கு ஒரு விசேஷம் உண்டு. ஒரே பாய்ச்சலில் இரண்டு பேரை மிரட்டும். எதிரி ராஜா தன் சொந்த இடத்தில் நிற்கிறது. மூலையில் யானை நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே ராணிப் பக்கத்தில், ஒரு வரிசை முன்னால், நம் குதிரை வந்து குதிக்கிறது. ராஜாவுக்குச் செக்! யானைக்கும் ஆபத்து! ராஜா நகர்ந்தே ஆகவேண்டும். யானை நமக்கு.

இன்னொன்று, கட்டிப் போடுவது. எதிரியின் குதிரைக்குப் பின்னால் அவன் ராஜா நிற்கிறது. நம் பிஷப் குறுக்கே குறி வைக்கிறது. குதிரை அசைந்தால் ராஜாவுக்குச் செக் விழும். ஆகவே அது அசைய முடியாது. கட்டிப் போட்ட மாடு மாதிரிதான். அதைச் சிப்பாயால் அடிக்கலாம்.

இவற்றைப் புதிர்களாகப் போட்டுப் பார்க்க வேண்டும். தினம் நாலு புதிர் போதும். பலகையில் காய்களை வைத்து, கை வைக்காமல், கண்ணாலேயே விடை கண்டுபிடிக்க வேண்டும்.

விசுவநாதன் ஆனந்த் வளர்ந்தது இப்படித்தான். 1969-ல் மயிலாடுதுறையில் பிறந்தவர். ஆறு வயதில் அவருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய தாயார் சுசீலா. 1970-களின் கடைசியில் தகப்பனாரின் வேலை காரணமாகக் குடும்பம் பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலா நகரில் இருந்தது. அங்கே பகலில் தொலைக்காட்சியில் சதுரங்க நிகழ்ச்சி வரும். முடிவில் ஒரு புதிர் போடுவார்கள்.

அந்த நேரத்தில் ஆனந்த் பள்ளிக்கூடத்தில் இருப்பார். என்ன செய்வது?

தாயார் உட்கார்ந்து நிகழ்ச்சியைப் பார்த்தார். ஆட்டங்களையும் புதிரையும் எழுதி வைத்தார். மாலையில் மகன் வந்ததும் இருவரும் சேர்ந்து புதிரை விடுவிப்பார்கள். விடையை அனுப்புவார்கள். பரிசு, ஒரு புத்தகம்.

பையன் திரும்பத் திரும்பப் பரிசு வாங்கினான். கடைசியில் நிகழ்ச்சிக்காரர்களே, 'வேண்டிய புத்தகத்தை எடுத்துக்கொண்டு போ, தம்பி. இனிமேல் விடை மட்டும் அனுப்பாதே' என்கிற மாதிரி சொல்லிவிட்டார்கள். ஆனந்தே சொல்லியிருக்கும் செய்தி இது.

1988-ல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். பிறகு ஐந்து முறை உலக சாம்பியன். அந்தத் தாயார் எழுதி வைத்த காகிதங்களை நினைத்தால் எனக்கு மெய் சிலிர்க்கிறது. வீட்டில் பிள்ளைக்கு ஆட்டம் சொல்லித்தர ஆள் இல்லை என்று வருத்தப்படுகிற தாய்மார்களே, கூட உட்கார்ந்து எழுதிக்கொடுக்க நீங்கள் இருக்கிறீர்களே!

கடைசியில் இருந்து ஆரம்பம்

மேலே சொன்ன காப்பாப்ளாங்கா கியூபா நாட்டுக்காரர். நாலு வயதில், தகப்பனார் ஆடுவதைப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றவர் என்பார்கள். 1921 முதல் 1927 வரை உலக சாம்பியன். அவர் 1921-ல் ஒரு பாட புத்தகம் எழுதினார். அதன் முதல் அத்தியாயம் எதில் ஆரம்பிக்கிறது தெரியுமா? பலகையில் 32 காயும் நிற்கும் ஆரம்பத்தில் அல்ல. மூன்றே காய் மிச்சம் இருக்கும் முடிவில்!

ஒரு ராஜாவும் ஒரு யானையும் சேர்ந்து, தனியாக நிற்கும் எதிரி ராஜாவை எப்படி மடக்குவது? அங்கேதான் தொடங்குகிறார்.

காரணம் இருக்கிறது. கூட்டத்தில் ஒரு ஆளின் பலம் தெரியாது. தனியாக நிறுத்தினால் தெரியும். பலகையில் இரண்டு மூன்று காய் மட்டும் நிற்கும்போதுதான், யானை எவ்வளவு தூரம் பாதையை அடைக்கும், ராஜா எவ்வளவு வேலை செய்யும் என்பது பிள்ளைக்குப் புரியும்.

வீட்டில் இன்றே செய்து பாருங்கள். இரண்டு யானையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு யானை ஒரு வரிசையை அடைக்கட்டும். இன்னொரு யானை அடுத்த வரிசையில் செக் கொடுக்கட்டும். ராஜா ஒரு வரிசை பின்வாங்கும். இப்போது முதல் யானை தாண்டிப்போய் அடுத்த செக். ஏணிப்படி ஏறுவது போல மாறி மாறிப் போனால், ஓரத்தில் மேட்! ராஜா யானையை நெருங்கிவிட்டால், யானையை அதே வரிசையில் எதிர்க் கோடிக்குக் கொண்டுபோய்விட வேண்டும். அவ்வளவுதான்.

அடுத்து, ஒரு ராணியும் ராஜாவும். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. எதிரி ராஜா மூலையில் நிற்கும்போது, குதிரை தாவும் தூரத்தில் நம் ராணியைக் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும்? ராஜாவுக்குச் செக் இல்லை. நகர இடமும் இல்லை. அவனுக்கு வேறு காயும் இல்லாவிட்டால் அது ஸ்டேல்மேட். ஆட்டம் சமன்! ஒன்பது ரூபாய் ராணி கையில் இருந்தும் அரைப் பாயிண்ட்தான். எத்தனை பிள்ளைகள் இந்தப் பள்ளத்தில் விழுந்து அழுதிருக்கிறார்கள்!

ஒற்றைச் சிப்பாய்

எல்லாவற்றிலும் அழகான பாடம் ராஜாவும் ஒற்றைச் சிப்பாயும். எதிரில் ராஜா மட்டும். சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனால் ராணியாகிவிடும். போகுமா?

சிப்பாய் தனியாக ஓடுகிறது, நம் ராஜா எங்கோ இருக்கிறது என்று வையுங்கள். சிப்பாய் நிற்கும் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை எண்ணுங்கள். ஐந்து கட்டம் என்றால், எதிரி ராஜா இருக்கும் பக்கமாக அதே ஐந்து கட்டத்துக்கு ஒரு சதுரம் போடுங்கள். தன் முறை வரும்போது எதிரி ராஜா அந்தச் சதுரத்துக்குள் கால் வைக்க முடிந்தால், சிப்பாயைப் பிடித்துவிடும். முடியாவிட்டால் பிடிக்காது. விரல் விட்டு ஒவ்வொரு நகர்த்தலாக எண்ண வேண்டியதே இல்லை.

நம் ராஜாவும் பக்கத்தில் இருந்தால்? பிள்ளைகள் ஆசையில் சிப்பாயை முன்னால் ஓட்டுவார்கள். தவறு! ராஜா முன்னால் போக வேண்டும். சிப்பாய் பின்னால் வர வேண்டும். நம் ராஜா ஆறாவது வரிசையில். அதன் பின்னால் ஐந்தாவது வரிசையில் சிப்பாய். எதிரி ராஜா நேர் எதிரே கடைசி வரிசையில். இந்த நிலை வந்துவிட்டால், யார் நகர்த்தும் முறையானாலும் ஜெயம் நமக்கே. பலகையின் ஓரத்துச் சிப்பாய்க்கு மட்டும் இது பலிக்காது.

இரண்டு ராஜாக்களும் நடுவில் ஒரே கட்டம் விட்டு முறைத்துக்கொண்டு நிற்கும். யார் நகர வேண்டுமோ அவர் வழிவிட வேண்டும். குறுகிய வரப்பில் எதிர் எதிராக வந்த இரண்டு பேரைப் போல!

'இந்தச் சின்னப் பாடமெல்லாம் பெரிய ஆட்டத்தில் வருமா?' என்று கேட்கிறீர்களா?

2024-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி. சிங்கப்பூர். உலக சாம்பியன் போட்டி. சீனாவின் டிங் லிரெனும் சென்னை இளைஞர் குகேஷும் 13 ஆட்டம் ஆடி, ஆளுக்கு ஆறரைப் பாயிண்ட் வைத்திருந்தார்கள். 14-வது ஆட்டம் கடைசி ஆட்டம். காய்கள் தீர்ந்துகொண்டே வந்தன. ஆளுக்கு ஒரு யானை, ஒரு பிஷப். குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம். சமனாகப் போய்விடும் என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

55-வது நகர்த்தலில் டிங் தன் யானையைக் கொண்டுவந்து, யானைக்கு யானை வெட்டிக்கொள்ள வழிவிட்டார். குகேஷ் ஒரு கணம் நம்பவில்லை. பிறகு தண்ணீர் குடித்தார். யானையை வெட்டினார். அடுத்து, பிஷப்பையும் வெட்டிக்கொள்ளும்படி எதிரே வைத்தார். தப்பிக்க வழியில்லை. பலகையில் மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும்!

58-வது நகர்த்தலோடு டிங் கை கொடுத்தார். 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன். முதல் மாதத்தில் படிக்கும் ராஜா-சிப்பாய்ப் பாடம்தான், உலகப் பட்டத்தின் கடைசிப் பக்கத்திலும் இருந்தது.

அப்படியானால் ஆரம்ப ஆட்டம்?

வேண்டும். கொஞ்சம் போதும்.

நடுச் சிப்பாயை முன்னால் தள்ளுங்கள். குதிரைகளையும் பிஷப்புகளையும் வெளியே கொண்டுவாருங்கள். ராஜாவுக்குச் சீக்கிரம் கோட்டை கட்டுங்கள். ஒரே காயைத் திரும்பத் திரும்ப நகர்த்தாதீர்கள். ராணியை அவசரமாகத் தெருவில் அலையவிடாதீர்கள். புதியவருக்கு இவ்வளவு போதும்.

'நாலே நகர்த்தலில் மேட்' என்று ஒரு வித்தை உண்டு. ராணியும் பிஷப்பும் சேர்ந்து, ராஜா பக்கத்துப் பிஷப்புக்கு முன்னால் நிற்கும் சிப்பாய் மேல் பாயும். அந்தச் சிப்பாய்க்கு ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லை என்பதுதான் சூட்சுமம். காரணம் தெரிந்தவன் மாட்ட மாட்டான். ராணி வந்து நின்றதும் சிப்பாயைத் தள்ளியோ குதிரையை வைத்தோ வழியை அடைப்பான். காரணம் தெரியாமல் மனப்பாடம் பண்ணியவன், எதிரி ஒரு கட்டம் மாற்றி வைத்தாலும் திகைத்துவிடுவான். தூண் ஓரம் நின்ற பையனுக்கு நடந்தது இதுதான்.

நாற்பது பக்க நோட்டு

பலகையில் குறுக்கே ஏ முதல் எச் வரை எட்டு எழுத்து. நேரே 1 முதல் 8 வரை எண். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர். இ4, எஃப்3 என்று. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எவரும் ஒரு மணி நேரத்தில் பழகிவிடலாம். ஆடிய ஆட்டத்தை எழுதிவைத்தால், மறுநாள் அப்படியே திரும்ப ஆடிப் பார்க்கலாம். எங்கே சறுக்கினோம் என்று தெரியும்.

சென்னையில் மானுவல் ஆரோன் இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். 1961-ல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனவர். ஒன்பது முறை தேசிய சாம்பியன். 1962-ல் ஸ்டாக்ஹோம் நகரில் பெரிய போட்டி. அவருக்குக் கடைசி இடம்தான் கிடைத்தது. ஆனால் அதே போட்டியில் ஹங்கேரியின் போர்டிஷையும் ஜெர்மனியின் உல்மானையும் தோற்கடித்தார்! பிறகு 1972-ல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் டால் சதுரங்கக் கழகத்தைத் தொடங்கியவரும் அவர்தான். சிறுவன் ஆனந்த் அங்கே போய்த்தான் பெரியவர்களோடு மோதினான்.

இன்று கம்ப்யூட்டர் இருக்கிறது. செல்போனில் தட்டினால் சரியான நகர்த்தலை நொடியில் சொல்லிவிடுகிறது. இது வரமா சாபமா? குகேஷுக்குப் பயிற்சி கொடுத்த விஷ்ணு பிரசன்னா, வெகுகாலம் அவரைக் கம்ப்யூட்டர் துணை இல்லாமலே பழக்கினார். சொந்த மூளையால் கணக்குப் போட வேண்டும் என்பதற்காக. நோட்டில் நம் அபிப்ராயத்தை எழுதிய பிறகு கம்ப்யூட்டரைக் கேட்பது ஒன்று. முதலிலேயே கேட்பது, விடைத்தாளைப் பார்த்துக் கணக்குப் போடுவது போல.

இதையெல்லாம் அந்தத் தகப்பனாரிடம் சுருக்கமாகச் சொன்னேன். அதற்குள் ஐந்தாவது சுற்றுக்கு மணி அடித்தது. பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான்.

முக்கால் மணி கழித்து ஓடி வந்தான். "அப்பா! அரைப் பாயிண்ட்!"

எதிரிப் பையனிடம் ராணி இருந்ததாம். இவனிடம் ராஜா மட்டும். எதிரிக்கு முடிக்கத் தெரியவில்லை. மூலையில் வைத்து ஸ்டேல்மேட் பண்ணிவிட்டான்!

"பார்த்தீர்களா, அவனும் மனப்பாடக்காரன்தான்" என்றேன். தகப்பனார் சிரித்தார். எதிர்க் கடைக்குப் போய் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வந்தார். பையன் படிக்கட்டில் உட்கார்ந்து முதல் பக்கத்தில் எழுத ஆரம்பித்தான்: "முதல் ஆட்டம். தோல்வி. ஏழாவது நகர்த்தலில் குதிரையைப் பார்க்கவில்லை."